கேள்வி – பதில்: கம்பிவலையண்டை வராத செம்பி

சென்ற இதழில், யாழ்ப்பாண நகருக்கு வெளியேயுள்ள நாய்க் காப்பகம் ஒன்றில் வார இறுதி நாள்களில் தொண்டாற்றும் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் கடிதத்தை இப்பகுதியில் வெளியிட்டிருந்தோம். செம்பி என்னும் பெண் நாய் அங்கே 14 மாதங்களாகக் காத்திருக்கிறது என்றும், அது இதுவரை ஒருவரையும் கடித்ததில்லை, குரைப்பதும் அரிது, ஆனாலும் அதை அழைத்துச் செல்ல ஒருவரும் முன்வரவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அதனை வளர்த்த மூதாட்டி கனடாவிலுள்ள மகனிடம் போய்விட்டார். பூட்டிய வீட்டின் படலையடியில் மூன்று கிழமை படுத்துக் கிடந்த நாயை அயலவர்கள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அதன் பிறகு எமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செம்பியைப் பற்றியவையே. மிருக வைத்தியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்றாலும், நேரில் காணாத ஒரு நாயைப் பற்றிப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அங்கு சென்று ஒரு முற்பகல் முழுவதும் அதனோடு இருந்துவிட்டு வந்துதான் இவற்றை எழுதுகிறேன்.

கேள்வி: டொக்டர், செம்பியைப் பற்றி வாசித்துவிட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனோம். மற்ற நாய்களெல்லாம் கம்பிவலையில் ஏறிக் குரைத்து வாலாட்டின. செம்பி மட்டும் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது, கூப்பிட்டும் எழும்பவில்லை. அதற்கு ஏதாவது நோயோ குணக்கேடோ இருக்குமா? பிள்ளைகள் அங்கிருந்த வெள்ளைக் குட்டி ஒன்றைக் கேட்கிறார்கள். குட்டியாக எடுத்தால்தானே வீட்டோடு ஒட்டும்?
— ஆசிரியர் ஒருவர், கோண்டாவில்

பதில்: நோய் ஒன்றும் இல்லை. உடல் வெப்பம் 38.6 பாகை செல்சியஸ். நாய்க்கு அது இயல்பான அளவு. பற்களைக் கொண்டு பார்த்தால் ஐந்து வயது சொல்லலாம். கழுத்தடியில் பழைய உண்ணிக் கடியின் தழும்புகள் உள்ளன, முரசு நல்ல இளஞ்சிவப்பாக இருக்கிறது, இதயத் துடிப்பில் குறை இல்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதற்கு அடையாளமாக இடது செவியின் நுனி வெட்டப்பட்டிருக்கிறது.

நீங்கள் கண்ட காட்சி மெய்யானது. அதற்கு நீங்கள் கொண்ட பொருள்தான் பிழையாகிவிட்டது. தகரக் கூரையின் கீழே முப்பது நாய்கள் ஒரே நேரத்தில் குரைக்கும்போது, புதிய மனிதர்கள் நால்வர் நேரெதிரே நின்று குனிந்து பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தால், துணிச்சலுள்ள நாய் வலையில் ஏறும். சாதுவான நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இந்தச் சந்தடி எப்போது அடங்கும் என்று காத்திருக்கும். முகத்தைத் திருப்புவதும், உதட்டை நக்குவதும், நித்திரை வராமலே கொட்டாவி விடுவதும், "எனக்கு இது பயமாக இருக்கிறது, உங்களோடு சண்டைக்கு நான் வரமாட்டேன்" என்று நாய் தன் மொழியில் சொல்லுகின்ற சொற்கள். நாங்கள் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டுக்கு நகர்ந்துவிடுகிறோம். காப்பகங்களில் மிக நீண்ட காலம் காத்திருக்கும் நாய்களுள் பல இப்படிப்பட்டவைதாம் என்பதை என் பணிக்காலத்தில் திரும்பத் திரும்பக் கண்டு வருந்தியிருக்கிறேன். சிறிய வீட்டுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் எந்தக் குணம் வேண்டுமோ, அந்தக் குணமே கம்பிவலைக்கு உள்ளே இருக்கும்போது அவற்றுக்கு எதிராகப் போய்விடுகிறது.

நான் செய்ததைச் சொல்லுகிறேன். கூட்டுக்குள்ளே போய், கவிழ்த்து வைத்த வாளி ஒன்றின்மேல் அதற்குப் பக்கவாட்டாக அமர்ந்து, அதைப் பாராமல் பத்திரிகை வாசித்தேன். பத்து நிமிடமளவில் வெட்டுப்பட்ட செவி மட்டும் என் பக்கம் திரும்பியது. அரை மணித்தியாலம் ஆகும்போது எழுந்து, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரமாகவே சுற்றி வந்து என் செருப்பையும் வேட்டிக் கரையையும் மணந்து பார்த்தது. பிறகு ஒரு முழத் தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டி அமர்ந்துகொண்டது. தன் முதுகை உங்களிடம் விட்டு அமர்கின்ற நாய் உங்களை நம்பத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நெஞ்சுப் பக்கத்தை மெல்லத் தடவினேன்; தடவுவதை நிறுத்தியபோது தன் முன்னங்காலைத் தூக்கி என் மணிக்கட்டின்மேல் வைத்தது. நகம் தோலில் படாத அளவுக்கு அவ்வளவு மென்மையாக வைத்தது. 14 மாதங்கள் அந்த இரைச்சலில் இருந்த பிறகும் அதற்கு அந்த மென்மை போகவில்லை.

குட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாய்க்குட்டி மனிதரையும் உலகத்தையும் பழகிக்கொள்ளும் முக்கியமான காலம் ஏறத்தாழ மூன்றாவது கிழமையிலிருந்து பதினான்காவது கிழமை வரை என்பது உண்மை. ஆனால் செம்பியின் அந்தக் காலம் ஒரு வீட்டிலேயே, அன்பான ஒருவரின் காலடியிலேயே கழிந்திருக்கிறது. அதனாற்றான் அது இன்று இப்படி இருக்கிறது. மறுபுறம், வெள்ளைக் குட்டி வளர்ந்து எப்படிப்பட்ட நாயாகும் என்பதை அதன் முகத்தைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. அதற்குத் தொடர் தடுப்பூசிகள் வேண்டும். அவை முடியும் முன்னர் பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய் தொற்றினால் பிழைப்பது கடினம். ஏழாம் மாதமளவில் நிலைப்பற்கள் முழுமையாக வரும்வரை பிள்ளைகளின் கையும் பாடசாலைச் சப்பாத்தும் அதன் வாயிலேயே இருக்கும். நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், நாள் முழுவதும் தனியே கிடக்கும் குட்டியை யார் பழக்குவது? வளர்ந்த நாயை எடுத்தால் ஒட்டாது என்பது எங்களூரில் வேரூன்றிவிட்ட எண்ணம். வீடு இழந்த நாய் வீட்டின் அருமையை அறிந்தது. அது ஒட்டுவதற்குச் சில கிழமைகள் போதும். பிள்ளைகளோடு இன்னும் இரண்டு தடவை போங்கள். எல்லோரும் கூடி நிற்காமல் ஒவ்வொருவராக உள்ளே போய், வாய் பேசாமல் அமர்ந்திருங்கள்.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் நாய் வளர்க்க விருப்பம். எங்களுடன் இருக்கும் மாமி, தினமும் பூசை நடக்கும் வீட்டில் நாய் வந்தால் ஆசாரம் கெட்டுவிடும் என்கிறார். அவரை மீறவும் மனமில்லை.
— வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: மீற வேண்டாம். வயதில் மூத்தவருக்கு விருப்பமில்லாத வீட்டுக்கு நாயைக் கொண்டுபோனால், அந்த மனத்தாங்கலை ஒவ்வொரு நாளும் அனுபவிப்பது நாய்தான். மாமியிடம் ஒன்றை மட்டும் பணிவாக நினைவுபடுத்திப் பாருங்கள். எங்கள் ஊரில் குறிச்சிக்கு ஒரு வைரவர் இருக்கிறார். எத்தனையோ வளவுகளில் மரத்தடியில் ஒரு சூலமாகவாவது இருக்கிறார். அவருடைய வாகனம் நாய். வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு அவருடைய வாகனத்தைக் கல்லால் எறிவது எவருக்கும் உவப்பான காரியம் அன்று என்பதை மாமியும் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

நாய் சாமியறைக்குள்ளும் குசினிக்குள்ளும் வரத்தான் வேண்டும் என்பதில்லை. விறாந்தையும் முற்றமும் அதற்குப் போதும். முதல் நாளிலிருந்தே வாசற்படியில் மறித்து "இல்லை" என்று ஒரே சொல்லில், வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரியாகச் சொன்னால், வளர்ந்த நாய் அந்த எல்லையை விரைவில் விளங்கிக்கொள்ளும். என் ஒரே வேண்டுகோள், ஆசாரத்துக்காக அதனைக் கிணற்றடியில் நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள் என்பதுதான். அப்படித்தான் வைக்க முடியும் என்றால், இப்போதைக்கு எடுக்காமல் இருப்பது நாய்க்கு நல்லது.

கேள்வி: எனக்கு 71 வயது, மனைவிக்கு 68. பிள்ளைகள் மூவரும் இலண்டனில். செம்பியின் கதையை வாசித்து மனைவி அழுதுவிட்டாள். அதனைக் கொண்டுவந்து வளர்க்க இருவருக்கும் ஆசை. ஆனால் எங்களுக்கு ஒன்று நடந்தால் அந்த நாய் இரண்டாம் முறையும் அநாதையாகுமே என்ற பயம் தடுக்கிறது.
— ஓய்வுபெற்ற தபாலதிபர், சாவகச்சேரி

பதில்: ஐயா, வந்த கடிதங்களுள் இதனையே நான் பல தடவை வாசித்தேன். இப்படி யோசிக்கின்ற ஒருவரின் கையில் நாய் ஒன்று பாழாகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. செம்பிக்கு ஐந்து வயது. நல்ல பராமரிப்பில் எங்களூர் நாய் 12, 13 வருடங்கள் வாழும். ஆகவே இன்னும் ஏழெட்டு வருடங்களுக்கான பொறுப்பு இது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் இங்கேயுமாக வாழ்கின்ற இக்காலத்தில், வீட்டில் இருந்தவர் விசா கிடைத்துப் போகும்போது அல்லது கண்மூடும்போது, நகைகளுக்கும் காணிக்கும் ஒழுங்கு செய்கிறார்கள். நாய்க்கு ஒருவரும் ஒழுங்கு செய்வதில்லை. செம்பியை வளர்த்த அம்மா கல்நெஞ்சக்காரி அல்லர். விமான நிலையத்துக்குப் புறப்படும் அன்று, அயலில் ஒருவரிடம் சோறு போடும்படி சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்த அயலவரும் பதினைந்து நாள் சோறு வைத்திருக்கிறார். சோற்றை உண்டுவிட்டு நாய் திரும்பவும் படலையடிக்கே போய்ப் படுத்திருக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்த நினைவு ஒன்றைச் சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, போர் நெருங்கி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, எங்கள் வீட்டு நாயும் சைக்கிளுக்குப் பின்னால் வந்தது. மழை. இலட்சக்கணக்கான சனம் ஒரே வீதியில். செம்மணி வெளி வரையில் அதன் முனகல் எனக்குக் கேட்டது. நாவற்குழிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தபோது அது இல்லை. தாயாரைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்ற என்னால் திரும்பிப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு ஊருக்கு மீண்டபோது, பின்விறாந்தைக் குந்தின் ஓரத்தில் நாயொன்று குடைந்து படுத்திருந்த பள்ளம் இருந்தது. அது வீட்டுக்குத் திரும்பி வந்து எங்களைப் பார்த்திருக்கிறது என்பதை அந்தப் பள்ளம் எனக்குச் சொன்னது. நாய் வந்து காத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு யார் வருவது என்பதைத்தான் மனிதர்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். அன்று எங்களுக்கு அதற்கு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

ஆகவே நாயை எடுக்கும் முன்னரே, உங்களுக்குப் பிறகு அதனை ஏற்கக்கூடிய ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். மருமகனோ, பெறாமகளோ, அடுத்த வீட்டுப் பிள்ளையோ, எவராயினும் வாயளவில் சம்மதிப்பது போதாது. அவர் கிழமைக்கு ஒரு தடவையாவது வந்து தன் கையால் அதற்கு உணவு வைக்க வேண்டும், ஆண்டுத் தடுப்பூசிக்கு அதனைக் கொண்டுபோக வேண்டும். அப்படியானால் மாற்றம் வரும் நாளில் நாய் அந்நியரிடம் போகாது. ஒரு தாளில் அவருடைய பெயரையும், தடுப்பூசி அட்டை இருக்கும் இடத்தையும், பராமரிப்புக்கு ஒதுக்கிய பணத்தையும் எழுதிப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். காப்பகத்தாரிடமும், தேவை ஏற்பட்டால் நாயைத் திரும்ப ஏற்பீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவும் செய்ய முடியுமென்றால், ஐயா, உங்கள் வயது ஒரு தடையே அன்று. பகல் முழுவதும் வீட்டில் ஆள் இருப்பதும், அவசரமில்லாத நடையும், பின்னேரத்தில் விறாந்தையில் அமர்ந்திருக்கும் இருவரும் செம்பி போன்ற நாய்க்கு ஏற்றவை.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து வயது. காப்பக நாய்களில் பல கட்டாக்காலியாகத் திரிந்தவை. விசர் நோய் வந்துவிடுமோ என்று பயமாக உள்ளது.
— தந்தை ஒருவர், வல்வெட்டித்துறை

பதில்: விசர் நோய்க்குப் பயப்படுவது சரி, இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் அந்நோயால் இறந்தார்கள். அந்தத் தொகை இன்று பல மடங்கு குறைந்திருப்பதற்கு முதற்காரணம் நாய்களுக்கு ஊசி போட்டதுதான். ஆகவே பயத்தை ஊசியின் பக்கம் திருப்புங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செம்பியின் அட்டையில் இவ்வாண்டு ஊசி பதியப்பட்டிருப்பதை நான் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போட வேண்டும். உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிவு செய்யவும் வேண்டும். அதற்கான சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, கடைப்பிடிப்பவர்கள்தாம் குறைவு.

எந்த நாயாவது, உங்கள் வீட்டு நாயேயாயினும், கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித் தூள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். மற்றொன்று: எவ்வளவு சாதுவான நாயாயினும் ஐந்து வயதுப் பிள்ளையை அதனோடு தனியே விடக்கூடாது. உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது என்பதை நாய் வருவதற்கு முன்பே மகளுக்குப் பழக்குங்கள். செம்பி விலகிப் போகும் இயல்புடையது. விலகிப் போக அதற்கு இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: இலவசமாகக் கொடுக்கும் ஊர் நாய் ஒன்றுக்குப் படிவம், கையொப்பம், வீடு பார்க்க வருதல் என்று இவ்வளவு கெடுபிடி எதற்கு? இதற்கு அல்சேஷன் குட்டியைக் காசு கொடுத்தே வாங்கலாமே.
— வாசகர், நெல்லியடி

பதில்: வாங்கலாம். ஆனால் காப்பகத்தார் கேட்கும் கேள்விகள் அந்த அல்சேஷனுக்கும் வேண்டியவையே: வளவுக்கு மதிலோ வேலியோ உண்டா, மழையில் அது எங்கே படுக்கும், நீங்கள் வெளியூர் போனால் யார் உணவு வைப்பார். விற்பவர் அவற்றைக் கேட்பதில்லை என்பது ஒரு வசதி என்று எனக்குத் தோன்றவில்லை. தடித்த உரோமமுள்ள நாய்கள் எங்கள் சித்திரை வெயிலில் மூச்சிரைத்துத் துன்பப்படுவதையும், இரண்டு வருடத்தில் அதே காப்பகத்து வாசலில் கட்டப்பட்டுக் கிடப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஒரு தடவை கைவிடப்பட்ட நாயை மறுபடி கைவிடாத இடம் பார்த்துக் கொடுக்க நினைப்பவர்களைக் கெடுபிடிக்காரர் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: டொக்டர், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் கணவரும் செம்பியைப் பார்க்கப் போனோம். மூன்றாம் கிழமை அது தானாக எழும்பி வந்து என் செருப்பின்மேல் நாடியை வைத்துப் படுத்துக்கொண்டது. வேலியைத் திருத்தியதும் கூட்டிவர இருக்கிறோம். என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
— வாசகி, அச்சுவேலி

பதில்: இப்பகுதியை எழுதி முடித்து அச்சுக்குக் கொடுக்கும் வேளையில் இக்கடிதம் வந்தது. வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேனையை வைத்துவிட்டேன், அம்மா.

வேலியை முதலில் திருத்துவது மிகச் சரி. கிடுகு வேலியின் அடியில் நாய் நுழையக்கூடிய இடங்களை ஒரு தடவை குந்தியிருந்து பாருங்கள்; நின்று பார்த்தால் தெரியாது. முதல் ஒரு மாதம் படலையைத் திறக்கும்போதெல்லாம் நாய் எங்கே நிற்கிறது என்று பார்த்துத் திறக்க வேண்டும். ஓட்டோவில் கொண்டுவருவதானால் கழுத்துப்பட்டியும் கயிறும் போட்டு உங்கள் காலுக்கிடையில் இருத்திக்கொள்ளுங்கள். சத்தத்துக்குப் பயந்து பாய்ந்துவிடக்கூடும்.

அன்று ஒருவரையும் நாய் பார்க்க வரச் சொல்லாதீர்கள். குளிப்பாட்டவும் வேண்டாம். விறாந்தையில் ஒரு மூலையைக் காட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சரியாக உண்ணாமல் இருக்கலாம், இரவில் எழுந்து நடக்கலாம், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். அதையும் குடிக்காமல் ஒரு நாள் போனால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டு நேரங்களைப் பிடித்துக்கொள்ள மூன்று கிழமை, தன் வீடு என்று தயக்கமின்றித் திரிய மூன்று மாதம் என்று கணக்கு வைத்திருங்கள்.

சோறும் முள் எடுத்த மீனும், அவித்த பூசணியும் நல்ல உணவு. உறைப்பும் உப்பும் சேர்க்காமல் அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள். வெங்காயம் போட்ட கறியைக் குழைத்து வைக்க வேண்டாம். வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். உங்கள் பக்கம் முந்திரிகை (திராட்சை)ப் பந்தல் உள்ள வளவுகள் உண்டல்லவா? கீழே விழுந்த பழங்களைக் கூட்டி அள்ளிவிடுங்கள். முந்திரிகையும் அதன் வற்றலும் சிறிதளவே ஆயினும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். சமைத்த கோழியெலும்பும் கூடாது. அது ஊசிபோல உடைந்து குடலைக் குத்தும்.

செம்பி அங்கே படுத்திருப்பது ஒரு பழைய மாச்சாக்கில். அந்தச் சாக்கைக் காப்பகத்தாரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். அழுக்காகத்தான் இருக்கும், நாற்றமும் இருக்கும். முதல் மாதம் அதனைத் தோய்க்காமல் அப்படியே அந்த மூலையில் விரித்துவிடுங்கள். புதிய வீட்டில் அதற்குத் தெரிந்த மணம் அந்தச் சாக்கில் மட்டுந்தான் இருக்கும்.